போல் நிஸானின் இரண்டாம் மரணம்

சில வாரங்களுக்கு முன் இலக்கிய நண்பர்கள் சிலருடன் பிரெஞ்சு நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு வழக்கம்போல சார்த்தரில் தொடங்கி, காம்யுவுக்கு வந்து, இருவரில் யார் சரி என்கிற எழுபதாண்டுப் பழைய வழக்கில் சிக்கிக்கொண்டது. இடையில் நான் போல் நிஸானின் பெயரைச் சொன்னேன். நிறைய வாசிப்பவரான ஒரு நண்பர் உடனே, “கட்சி மென்று துப்பிய ஆள்தானே? அவர் நாவல் எப்படி இருக்கும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம்” என்றார். இடதுசாரிப் பற்றுள்ள இன்னொரு நண்பர் சற்றுத் தயங்கி, “நெருக்கடி நேரத்தில் கட்சியை விட்டுப் போனவர் அல்லவா?” என்றார். மற்ற எல்லா விஷயத்திலும் கீரியும் பாம்புமாக இருக்கும் அந்த இருவரும் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். இருவருமே நிஸானின் ஒரு நாவலைக்கூடப் படித்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றுமைக்கு எதிரானது.

முதலில் சில தகவல்கள். போல் நிஸான் 1905இல் பிரான்சின் தூர் நகரில் பிறந்தவர். தந்தை ரயில்வேயில் பணிபுரிந்து பொறியாளராக உயர்ந்தவர். பாரிஸில் பள்ளி நாட்களிலேயே சார்த்தர் அவருக்கு நண்பரானார். 1924இல் இருவரும் எக்கோல் நோர்மாலில் சேர்ந்தார்கள். இருவரின் பெயர்களையும் குழப்பிச் சேர்த்து ஒற்றை ஆளாகவே சக மாணவர்கள் கேலி செய்யுமளவுக்கு நெருக்கம். படிப்பின் நடுவே, 1926இல், அந்தச் சூழலின் மூச்சுமுட்டல் தாளாமல் ஏடனுக்குப் போய், அங்கிருந்த ஒரு பிரெஞ்சு வணிகரின் வீட்டில் ஆசிரியராக இருந்தார். அன்றைய ஏடன் பம்பாய் மாகாணத்தின் நிர்வாகத்தில் இருந்த ஒரு துறைமுகம் என்பதை நாம் நினைவில் கொள்ளலாம். சாகசம் தேடிப் போனவர் அங்கே கண்டது, ஐரோப்பாவின் அதே வியாபாரம், அதே சலிப்பு, ஆனால் முகமூடி இல்லாமல். திரும்பி வந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

1931இல் ‘ஏடன் அரேபியா’ வெளிவந்தது. 1932இல் ‘காவல் நாய்கள்’. அதே ஆண்டு, பூர்க்-ஆன்-ப்ரெஸ் என்ற சிறுநகரில் தத்துவ ஆசிரியராக இருந்தபடியே கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நின்று தோற்றார். பிறகு மூன்று நாவல்கள்: ‘அந்துவான் ப்ளுவாயே’ (1933), ‘ட்ராய் குதிரை’ (1935), ‘சதி’ (1938). கடைசி நாவலுக்கு அந்த ஆண்டின் அன்த்தராலியே பரிசு கிடைத்தது. கட்சி நாளேடான ‘லுமானித்தே’யிலும், அதன்பின் லூயி அரகோன் ஆசிரியர்களில் ஒருவராக இருந்த ‘ஸ சுவார்’ நாளேட்டிலும் வெளிநாட்டு அரசியலை எழுதினார்.

1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. செப்டம்பர் 17 அன்று செம்படை போலந்துக்குள் நுழைந்தது. அந்த மாதமே நிஸான் கட்சியிலிருந்து விலகினார். விலகல் கடிதம் மிகச் சுருக்கமானது. யாரையும் ஏசவில்லை, எதையும் அம்பலப்படுத்தவில்லை. அப்போது அவர் படையில் சேர்க்கப்பட்டிருந்தார். 1940 மே 23 அன்று, டன்கர்க் நோக்கிய பின்வாங்கலின்போது, வட பிரான்சில் கொல்லப்பட்டார். வயது 35.

இது முதல் மரணம். இரண்டாவது மரணத்துக்கான ஏற்பாடு இதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது.

1940 மார்ச்சில், கட்சியின் பொதுச்செயலாளர் மோரிஸ் தொரேஸ் ஒரு கட்டுரையில் நிஸானைப் போலீஸ் உளவாளி என்று எழுதினார். முந்தைய அக்டோபரில் தன் படைப்பிரிவை விட்டு நீங்கி மாஸ்கோ சென்றிருந்தவர் அவர். போர்முனையில் நின்றுகொண்டிருந்த மனிதன்மீது இந்தப் பட்டம் அங்கிருந்து சூட்டப்பட்டது. போர் முடிந்ததும் குற்றச்சாட்டு வேறு வடிவங்களில் பரவியது. 1946இல் தத்துவவாதியான ஆன்றி லெஃபெவ்ர் தன் நூலொன்றில், நிஸானின் புத்தகங்கள் துரோகம் என்ற கருத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்று சுட்டி, அதையே ஒரு சாட்சியம்போல முன்வைத்தார். 1949க்குப் பிறகு அரகோன் ‘கம்யூனிஸ்டுகள்’ என்ற தன் பெரிய நாவல் வரிசையில் ஓர்ஃபிலா என்றொரு கோழைத் துரோகியைப் படைத்தார். அது யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஒரு காலத்தில் தன் ஆசிரியர் குழுவில் இருந்த, இறந்துபோன சக எழுத்தாளனுக்கு ஒரு நாவலாசிரியர் செய்த மரியாதை இது.

1947இல் சார்த்தர், சிமோன் தெ பொவ்வார், காம்யு, ரேமோன் அரோன், மெர்லோ-போந்தி, பிரெத்தோன், மோரியாக் உட்படப் பல எழுத்தாளர்கள் ஒரு பகிரங்கக் கேள்வியை எழுப்பினார்கள். கத்தோலிக்கரும் சர்ரியலிஸ்டும் இருத்தலியலாரும் ஒரே தாளில் கையெழுத்திடுவது அன்றைய பாரிஸில் அன்றாடம் நடக்கிற விஷயம் அல்ல. கோரிக்கை எளிமையானது: நிஸான் உளவாளி என்பதற்கு ஆதாரம் இருந்தால் வெளியிடுங்கள், இல்லையென்றால் அவர் குற்றமற்றவர் என்பது உறுதியானதாக நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஆதாரம் வரவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை வரவில்லை. 1960களில் ‘கம்யூனிஸ்டுகள்’ நாவலைத் திருத்தி எழுதியபோது அரகோன் ஓர்ஃபிலாவை ஓசையில்லாமல் நீக்கிவிட்டார். நீக்கியதைப் பாராட்டுகிறவர்கள் பாராட்டட்டும். அச்சில் ஏற்றியதை ஓசையோடு செய்துவிட்டு, அழித்ததை ஓசையில்லாமல் செய்வதற்குத் திருத்தம் என்று பெயரில்லை.

*

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், எழ வேண்டும். நிஸானே கடுமையான கண்டனங்களை எழுதியவர்தானே? ‘காவல் நாய்கள்’ நூலில் தன் பல்கலைக்கழக ஆசிரியர்களை அவர் விட்டுவைத்தாரா? பிரன்ஷ்விக்கையும் பெர்க்சனையும் பெண்டாவையும் பெயர் சொல்லித் தாக்கியவருக்கு, தன்மீது தாக்குதல் வந்தால் புகார் சொல்ல உரிமை உண்டா?

இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘காவல் நாய்கள்’ ஒரு மூர்க்கமான புத்தகம். பல இடங்களில் நியாயமற்ற புத்தகமும்கூட. பிரன்ஷ்விக்கின் அறிவியல் தத்துவத்தை அது பொறுமையாக எதிர்கொள்வதில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்கிறது. அவர்கள் எழுதியதையும், எழுத மறுத்ததையும் சுட்டுகிறது. மனிதன் என்ற பொதுச்சொல்லைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் போர், காலனியம், வேலையின்மை, தொழிற்சாலை என்பனவற்றைப் பற்றி ஏன் வாய்திறப்பதில்லை என்று கேட்கிறது. இது ஒரு வாதம். தாக்கப்பட்டவர் எழுந்து பதில் சொல்ல இதில் இடமிருக்கிறது. ‘நான் இந்த இடத்தில் பேசியிருக்கிறேன்’ என்று ஒருவர் காட்டினால் வாதம் அந்த அளவுக்குத் தோற்றுப்போகும்.

உளவாளி என்ற சொல்லுக்கு அப்படிப்பட்ட பதில் கிடையாது. மறுத்தால், உளவாளி மறுக்கத்தான் செய்வான். மௌனமாக இருந்தால், மௌனமே ஒப்புதல். இறந்துவிட்டால் இன்னும் வசதி. கண்டனம் ஒருவன் எழுதியதைத் தாக்குகிறது. அவதூறு அவன் எழுதியதைப் படிக்கவேண்டிய தேவையையே ஒழித்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பவர், ‘இலக்கியத்தில் எல்லாச் சண்டையும் ஒன்றுதான்’ என்று சொல்லும் அந்த நாகரிகமான நடுநிலையாளர், உண்மையில் அவதூறுக்குத்தான் துணைபோகிறார்.

இதில் நெகிழவைக்கும் ஒரு செய்தி உண்டு. 1947இன் அந்தக் கையெழுத்துகளில் ஜூலியன் பெண்டாவுடையதும் இருந்தது. ‘காவல் நாய்கள்’ தாக்கிய அதே பெண்டா. தன்னைக் கண்டித்தவனின் பெயரைக் காக்க அந்த எண்பது வயதை நெருங்கிய முதியவர் கையெழுத்திட்டார். கண்டனத்துக்கும் அவதூறுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிவது நல்லது.

*

இனி முதல் நண்பருக்கு வருகிறேன். அரசியல் நிஸான் என்ற எழுத்தாளரைக் கெடுத்தது, ஆகவே அவருடைய நாவல்களைப் படிக்காமலே தள்ளிவிடலாம் என்கிற தரப்பு.

இது சாதாரண ஆட்களின் தரப்பு மட்டுமல்ல. 1938இல் ‘சதி’ நாவலுக்கு எழுதிய மதிப்புரையில் சார்த்தரே இதை ஒத்த ஒரு சந்தேகத்தை எழுப்பினார். தன் பாத்திரங்களோடு உடந்தையாக இருக்கும் உரிமை இல்லாத ஒரு கம்யூனிஸ்டால் நாவல் எழுத முடியுமா என்பது அவர் கேள்வி. கேள்வி கூர்மையானது. ஆனால் பதில் நாவல்களில் இருக்கிறது.

‘அந்துவான் ப்ளுவாயே’யை எடுத்துக்கொள்வோம். ரயில்வே கடைநிலை ஊழியர் ஒருவரின் மகன் அந்துவான். படிப்பில் கெட்டிக்காரன். உதவித்தொகை, தொழிற்கல்வி, என்ஜின் ஓட்டும் அனுபவம் என்று படிப்படியாக மேலேறி, மேலதிகாரியின் மகளை மணந்து, பணிமனையின் தலைவராகிறான். தன் ஆரம்பகாலத் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது நிர்வாகத்தின் பக்கம் நிற்கிறான். முதல் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டுத் தயாரிப்பில் நேர்ந்த குறைகளுக்குப் பொறுப்பாக்கப்பட்டுப் பதவி இறக்கப்படுகிறான். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிகிறது, வேலைக்கு வெளியே தனக்கு ஒரு வாழ்க்கையே இருக்கவில்லை என்று. அதன்பின் மிஞ்சுவது சாவு பற்றிய பயம் மட்டும்.

கட்சிப் பிரச்சாரகர் இந்தக் கதையை எப்படி எழுதியிருப்பார்? அந்துவான் ஒரு வர்க்கத் துரோகி, எதிரே விழிப்புற்ற தொழிலாளி ஒருவர், இறுதியில் செங்கொடி. நிஸான் இதில் எதையும் செய்யவில்லை. அந்துவானுடைய உழைப்பின் மகிழ்ச்சியை, இரவில் என்ஜின் ஓடும்போது ஒரு மனிதனுக்கு வரும் கம்பீரத்தை, தன் கைத்திறன்மீது அவனுக்குள்ள பெருமையை முழுதாகத் தருகிறார். அந்தப் பெருமையைத்தான் நிறுவனம் விலைக்கு வாங்கியது என்பது நமக்கு மெல்லத்தான் புரிகிறது. ஒரே ஒரு நாளில் செய்த துரோகம் என்று அந்துவானிடம் எதுவுமில்லை. ஒவ்வொரு பதவி உயர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் விலகிப்போனான், அவ்வளவுதான். தன் தந்தையின் வாழ்க்கையை மூலப்பொருளாகக் கொண்டு ஒரு மகன் எழுதிய புத்தகம் இது. தீர்ப்பும் துக்கமும் அதில் பிரிக்கமுடியாதபடி பின்னியிருக்கின்றன. அரசியல் இல்லாதவர் ஒருவர் இதை எழுதியிருந்தால் அந்துவானின் வெறுமை ‘மனித வாழ்வின் பொருளின்மை’ என்றாகியிருக்கும். அது பொருளின்மை அல்ல, ஒரு குறிப்பிட்ட சமூகம் ஒரு குறிப்பிட்ட மனிதனுக்குச் செய்தது என்று காட்ட நிஸானுக்கு அவருடைய அரசியல் தேவைப்பட்டது. அரசியல் இங்கே நாவலைக் கெடுக்கவில்லை. அதற்குக் கண் கொடுத்தது.

‘ட்ராய் குதிரை’ இந்த உயரத்தை எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் ஊர்வலக் காட்சிகளில் நாளேட்டின் மை வாடை அடிக்கிறது. ஆனாலும், சட்டத்துக்கு அஞ்சி மறைவாகச் செய்துகொண்ட கருக்கலைப்பில் குருதி வடிந்து காதரீன் தனியாக இறந்துபோகும் பக்கங்களை 1935இல் வேறு எத்தனை ஆண் எழுத்தாளர்கள் எழுதினார்கள் என்று கேட்டுப்பார்க்கலாம்.

‘சதி’க்கு வருவோம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளான மாணவர்கள் சிலர், தந்தைமார் தரும் பணத்தில் புரட்சி இதழ் நடத்தி, ராணுவ ரகசியங்களைத் திருடத் திட்டமிடுகிறார்கள். நிஸான் தன் சொந்த இளமையைத்தான் இங்கே கூறுபோடுகிறார், எள்ளலோடும் கரிசனத்தோடும். நாவலின் கடைசிப் பகுதியை அவர் யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? ப்ளுவினாஜிடம். ஒரு கட்சித் தோழரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவனிடம். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதை, அவனுடைய அவமானங்களும் பொறாமைகளும் வழியாக, அவன் வாயாலேயே சொல்லவைக்கிறார். மன்னிப்பும் இல்லை, சாபமும் இல்லை. புரிதல் மட்டும் இருக்கிறது. கம்யூனிஸ்டுக்குத் தன் பாத்திரங்களோடு உடந்தையாக இருக்கும் உரிமை இல்லை என்ற சார்த்தரின் வாதம் இந்தப் பக்கங்களின் முன் நிற்காது.

லெஃபெவ்ர் சொன்னதும் இங்கேதான் தலைகீழாகிறது. ஆம், நிஸானின் நூல்கள் துரோகத்தைச் சுற்றி வருகின்றன. உண்மைதான். கொலையைச் சுற்றி எழுதியதால் தஸ்தயேவ்ஸ்கி கொலைகாரரா? ஒரு மனிதன் தன் வர்க்கத்தையும் நண்பர்களையும் தன்னையும் எப்படிக் கைவிடுகிறான் என்பதை அவ்வளவு ஆழமாகப் பார்த்த எழுத்தாளனை, அந்தப் பார்வையையே சாட்சியமாக்கித் தண்டிப்பது, நாவல் என்றால் என்னவென்றே தெரியாதவர்களின் வேலை. லெஃபெவ்ருக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

*

நிஸானைக் காப்பாற்றியவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1960இல் மஸ்பெரோ பதிப்பகம் ‘ஏடன் அரேபியா’வை மறுபடி வெளியிட்டது. சார்த்தர் நீண்ட முன்னுரை எழுதினார். அல்ஜீரியப் போர்க் காலத்தின் இளைஞர்கள் அந்த நூலைக் கொண்டாடினார்கள். இருபது வயதைப் பற்றிய அதன் முதல் வரி ஒரு முழக்கமாகவே ஆகிவிட்டது. இருபதாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பெயர் வெளியே வந்தது. அதற்கு நாம் சார்த்தருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த முன்னுரை மீட்டெடுத்தது கோபக்கார இளைஞன் நிஸானை. சார்த்தர் அதில் தன் மனச்சாட்சியோடுதான் பெரிதும் பேசிக்கொண்டிருந்தார். தான் அரசியலுக்கு வெளியே இருந்த ஆண்டுகளில் உள்ளே இருந்த நண்பனைத் தன் கண்ணாடியாக்கிக்கொண்டார். விளைவு, நாவலாசிரியர் நிஸான் மறுபடி பின்வரிசைக்குப் போனார். ‘ஏடன் அரேபியா’ அவருடைய முதல் புத்தகம். அதை மட்டும் படித்துவிட்டு நிஸானை அறிந்ததாகச் சொல்வது, ஒருவரின் கல்லூரி நாட்குறிப்பைப் படித்துவிட்டு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது போன்றது.

நானும் அவரைப் புனிதராக்க விரும்பவில்லை. 1934இல் சோவியத் ஒன்றியம் சென்று ஓராண்டுக்கு நெருக்கமாகத் தங்கியவர் அவர். 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் பழைய புரட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டபோது, அவர் பகிரங்கமாக எதிர்த்து எழுதவில்லை. பின்னாளில் அவரை விழுங்கிய அதே யந்திரம் மற்றவர்களை விழுங்கியபோது அதன் நாளேட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். தத்துவப் பேராசிரியர்களின் மௌனத்தைக் கேள்வி கேட்டவரின் மௌனம் இது. இதை மறைத்து அவரைக் காப்பாற்ற முடியாது, மறைக்கவும் கூடாது. மாஸ்கோ வழக்குகளின் மொழியும் அவர்மீது வீசப்பட்ட ‘உளவாளி’ என்ற சொல்லும் ஒரே பட்டறையில் அடிக்கப்பட்டவை. அவருக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லும்போது, அந்த அநியாயம் அவரோடு தொடங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆனால் இதே காரணத்தால்தான் 1939 செப்டம்பரில் அவர் எழுதிய சில வரிகளுக்கு எடை இருக்கிறது. வெளியிலிருந்து கண்டிப்பவனுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. நிஸான் இழந்தது தோழர்களை, பத்திரிகையை, வாசகர்களை, பன்னிரண்டு ஆண்டுகளின் பொருளை. விலகியபின் எதிர்முகாமுக்குப் போய் மன்னிப்புக் கடிதம் எழுதிப் பிழைத்தவர் அல்ல அவர். படைவீரனாகத் தொடர்ந்தார், எட்டு மாதங்களில் இறந்துபோனார். ‘அரசியல் அவரைக் கெடுத்தது’ என்பவர்களுக்கும், ‘அரசியலைக் கைவிட்டார்’ என்பவர்களுக்கும் ஒரே பதில்தான்: 1939இல் அவர் கைவிட்டது ஒரு கட்சியை. பாசிசத்துக்கு எதிரான நிலைப்பாட்டை அல்ல. அதைக் கைவிட்டது வேறு யார் என்பதை அந்த ஆகஸ்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களிடம் கேட்கவேண்டும்.

*

நண்பர்களே, பிரெஞ்சுக்காரர்களின் பழைய பகையில் நமக்கென்ன என்று கேட்கலாம். எழுத்தாளரைப் படிக்காமல் முடித்துவிடும் வழி எல்லா மொழிக்காரர்களுக்கும் தெரியும். ஒரு சொல் போதும். அதைச் சொல்பவர் எந்த முகாமைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்கும்போது மூன்று கேள்விகளையாவது கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்: எந்த எழுத்தில்? எந்த ஆண்டில்? என்ன ஆதாரத்தில்? 1947இல் பாரிஸில் கேட்கப்பட்டதும் சாரத்தில் இவைதான். பதில் இல்லாதபோது அந்தச் சொல்லை நாம் அடுத்தவருக்குக் கடத்தாமல் இருந்தால் போதும். நிஸானின் இரண்டாம் மரணம் தொரேஸின் கட்டுரையால் மட்டும் நிகழ்ந்ததல்ல. அதைப் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போன ஆயிரக்கணக்கான நல்ல வாசகர்களாலும் நிகழ்ந்தது.

‘சதி’யின் தொடர்ச்சியாக ஒரு நாவலை நிஸான் எழுதிக்கொண்டிருந்தார். அவர் இறந்ததும் ஓர் ஆங்கிலேயப் படைவீரர் அந்தக் காகிதங்களை மண்ணில் புதைத்துவைத்தார் என்பார்கள். போருக்குப் பிறகு அது கிடைக்கவே இல்லை. அந்த நாவலை நாம் படிக்காததற்குப் போர் காரணம். மற்ற மூன்றும் பிரெஞ்சில் அச்சில் வந்தவை, ஆங்கில மொழிபெயர்ப்பும் கண்டவை. அவற்றைப் படிக்காததற்கு எதைக் காரணம் சொல்வது என்று என் இரண்டு நண்பர்களும் யோசிக்கட்டும். ‘அந்துவான் ப்ளுவாயே’யில் தொடங்கலாம் என்பது என் சிபாரிசு. படித்துவிட்டு வந்து நிஸானைத் திட்டினால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வேன்.